போர்டில் ஓடிய மாப்பிள்ளை பெயர்

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். மண்டப வாசல், வாழைமரம், அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை, மடியில் கம்ப்யூட்டர் கீபோர்டை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி வாயைத் திறந்திருப்பார். "அப்பா ஏன் கல்யாணத்துல கொட்டாவி விடுறாக?" என்று சின்னது அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அது கொட்டாவி இல்லை. என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இது முழுக்கப் பெயர்களைப் பற்றிய விஷயம். ஆனாலும் ஒருவர் பெயரையும் எழுதப் போவதில்லை. இதில் வருகிற ஒரு ஆளை எனக்கு முன்பின் தெரியாது. அவர் எங்கேயோ பெண்டாட்டி பிள்ளைகளோடு நிம்மதியாக இருப்பார். ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் அவர்தான் உங்கள் அம்மாவுக்கு மாப்பிள்ளையாக இருந்தார் என்பது அவருக்கே தெரியாது. அவர் பெயரை எழுதி அந்த வீட்டில் சண்டை மூட்டுவானேன்?

நான் பத்தாவது பாஸ். அப்புறம் ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக். சின்னமனூரில் ஒரு கடை போட்டு டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிள் கனெக்‌ஷன் வந்து, எல்லார் வீட்டிலும் கலர் டிவி வந்து, டிவி கெட்டுப்போவது குறைய ஆரம்பித்தது. ஊருக்கு அது நல்ல காலம், ரிப்பேர்காரனுக்குக் கெட்ட காலம். அதனால் மூன்று மாதம் சனி ஞாயிறுகளில் மதுரைக்கு பஸ் ஏறிப் போய் மைக்ரோ கன்ட்ரோலர் கோர்ஸ் படித்தேன். அந்த வாத்தியார் பாதிப் பாடத்தை இங்கிலீஷில் நடத்துவார். மீதிப் பாதியைக் கரும்பலகையைப் பார்த்துத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு இரண்டு பாதியையும் ஒட்டவைப்பேன்.

மைக்ரோ கன்ட்ரோலர் என்பது நாற்பது கால் உள்ள ஒரு கறுப்புச் சிப். பார்க்கப் பூரான் மாதிரி இருக்கும். அதற்குள்ளேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதற்குள்ளேயே ஃப்ளாஷ் என்று ஒரு மெமரி. அதை ஒரு சிலேட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. மாற்றி எழுத வேண்டுமானால் முதலில் துடைக்க வேண்டும். சிலேட்டில் ஒரு எழுத்தை மட்டும் எச்சில் தொட்டு அழிக்கலாம், இதில் முடியாது. ஒரு பக்கத்தையாவது முழுசாக அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தச் சிலேட்டையும். இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று சிப் செய்தவர்கள் ஒரு எண்ணும் கொடுத்திருந்தார்கள். ஆயிரம் தடவை. இந்த ஆயிரத்தை ஞாபகத்தில் வையுங்கள். அன்றைக்கு நான் அதை ஞாபகம் வைத்திருந்ததுதான் வினையாகப் போனது.

அந்தச் சிப்பை வைத்து, எழுத்து ஓடுகிற போர்டு ஒன்று செய்தேன். சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கும், அதில் தமிழ் எழுத்து வலமிருந்து இடமாக ஊர்ந்து போகும். ஒவ்வொரு எழுத்தையும் கணக்கு நோட்டின் கட்டங்களில் புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன். 'ஸ்ரீ'க்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றின் முகப்பில் அதை மாட்டினோம். முதலில் 'நல்வரவு' என்று ஓடும், அப்புறம் மணமகள் பெயர், அப்புறம் மணமகன் பெயர். முதல் நாள் சுவிட்ச் போடும்போது, மண்டபத்து மேனேஜரிடம், "அண்ணே, ஒரு பொட்டு வச்சுக் கும்பிட்டுட்டுப் போடுங்க" என்று சொன்னவன் நான்தான். இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

மேனேஜர் என்றால் பெரிய ஆபீசர் என்று நினைக்க வேண்டாம். சாவி, ஜெனரேட்டர், மைக்செட், பந்தி இலைக்கணக்கு எல்லாம் அவர்தான். பயபக்தி உள்ளவர். மெஷினைச் சாமி மாதிரிப் பார்ப்பார். சாமியை எப்படித் தள்ளி நின்று கும்பிடுவாரோ, மெஷினையும் அப்படித்தான்.

எனக்குப் பெண் தேடிய காலத்தில் தரகர் எங்கு போனாலும், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்காக" என்று சொல்லி வைத்திருந்தார். அது ஒரு வகையில் உண்மை. என் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, அதன் பக்கத்தில் நானும் இருந்தேன். உங்கள் தாத்தா மயிலாடும்பாறைப் பக்கம் நிலக்கடலை பயிர் செய்கிற சம்சாரி. தரகர் சொன்னதை நம்பி அவர் கடைக்கு வந்தபோது, நாலு டிவி வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன.

"கம்ப்யூட்டர்னு சொன்னாக?" என்றார்.

"அது அங்கன இருக்கு" என்று மூலையைக் காட்டினேன். அதன் மேல் நான் சாப்பிட்ட தூக்குவாளி இருந்தது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, போர்டைக் காட்ட மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்கு யாரோ ஒரு ஜோடியின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று சுற்று ஓடும்வரை அண்ணாந்து நின்றார்.

"இந்த எழுத்து எங்கிட்டிருந்து வருது?"

"சிப்புக்குள்ள இருக்கு."

"உள்ள எழுதுனது?"

"நாந்தான்."

என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கல்யாணத்துக்கு எம் மக பேரு இதுல ஓடணும் மாப்ள. பக்கத்துலயே உங்க பேரும் ஓடணும். எங்க ஊர்ச் சனம் ரெண்டு வேன்ல வரும். டிவி ரிப்பேர்காரனுக்கா பொண்ணக் குடுக்குறேன்னு இப்பவே நாலு பேரு கேக்குறான். அத்தனை பேரும் அண்ணாந்து பாக்கணும்" என்றார்.

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வரதட்சணை, சீர் என்று எவ்வளவோ பேசுவார்கள். எங்கள் கல்யாணம் அந்தப் போர்டின் மேல்தான் முடிவானது.

அதுவரை ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஏணியில் ஏறி, பெட்டியைத் திறந்து, சிப்பைப் பிடுங்கி, கடைக்குக் கொண்டுபோய்ப் பெயரை ஏற்றி, திரும்ப மாட்டுவேன். என் கல்யாணத்தன்று நானே ஏணியில் நின்றால் நன்றாகவா இருக்கும்? அதனால் பெட்டியின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு குழி வெட்டி, அதில் ஆறு பின்னை வெளியே கொண்டுவந்தேன். இனி பெட்டியைத் திறக்க வேண்டாம். ஆறு வயரை அதில் சொருகினால் கீழே உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரிலிருந்தே பெயர் ஏற்றலாம். ஆவணி மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு அப்படித்தான் ஏற்றினேன். பூ மாதிரி ஏறியது. குழிக்கு ஒரு மூடி போட வேண்டும் என்று நினைத்தேன். புரட்டாசியில்தான் கல்யாணமே கிடையாதே, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். எங்கள் கல்யாணம் ஐப்பசியில்.

பெண் அழைப்பு அன்று மதியமே எனக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டியவன் என்னென்ன செய்யக் கூடாது என்று என் ஆத்தாளிடம் ஒரு பட்டியல் இருந்தது. படி தாண்டக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, இரும்பைத் தொடக் கூடாது. ஒரு ரிப்பேர்காரனிடம் இரும்பைத் தொடாதே என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? கீபோர்டு பிளாஸ்டிக், அதனால் குற்றமில்லை என்று ஆத்தாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தெரு வாசலுக்கு இந்தப் பக்கமே, போர்டு தெரிகிற இடத்தில் கடைக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் மேலே போய் ஆறு வயரையும் சொருகிவிட்டு இறங்கினார்.

மூன்றரை மணி இருக்கும். உங்கள் அம்மா பெயரை ஏற்றினேன். ஏறியது. அதற்குள் லேசாகத் தூறல் விழுந்தது. என் பெயரை ஏற்றினேன். 'எழுதியது ஒன்று, படித்தால் வேறொன்று' என்ற அர்த்தத்தில் கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஒரு வரி காட்டியது. திரும்ப ஏற்றினேன். திரும்ப அதே வரி.

போர்டைப் பார்த்தேன். 'நல்வரவு' ஓடியது. மணமகள் என்று உங்கள் அம்மா பெயர் ஓடியது. மணமகன் என்று ஆவணி மாதத்து மாப்பிள்ளை பெயர் ஓடியது.

எங்கே கோளாறு என்று தேடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கரண்ட் சரியாக வருகிறதா பார்க்க வேண்டும். அடுத்து வயர். அடுத்துதான் சிப். கடைசியில்தான் புரோகிராம். கடைக்கு வருகிறவர்களிடம் நான் இதைப் பாடமாகவே சொல்வேன். அன்றைக்கு அதைக் கீழிருந்து மேலாகச் செய்தேன். முதலில் புரோகிராமைச் சந்தேகப்பட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அப்புறம் சிப்பைச் சந்தேகப்பட்டேன். வயரை மட்டும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அந்த வயர் ஏற்பாட்டைச் செய்தது நான்.

இந்த நேரத்தில் உங்கள் அம்மாவின் அத்தை, தாத்தாவுக்கு மூத்தவர்கள், ஆண்டிபட்டியிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே முன்கூட்டி வந்துவிட்டார்கள். வேனில் ஏறினால் தலை சுற்றுமாம். வாசலில் நின்று போர்டை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். மணமகள் பெயர் சரியாக இருந்தது. மணமகன் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்கள்.

"நல்ல பேரு. சாமி பேரு" என்றார்கள் என்னைப் பார்த்து.

"வாங்க பெரியம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? பத்திரிகையில் என் பெயர் அச்சாகி அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது. எல்லாரும் பத்திரிகையில் மண்டபத்தையும் நேரத்தையும்தான் பார்ப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெரியம்மா காப்பி குடிக்க உள்ளே போனார்கள்.

"மாப்ள, பேசாம அணைச்சுப் போட்ருவோமா?" என்று மேனேஜர் காதோடு கேட்டார்.

"மாமா ரெண்டு வேன் ஆளக் கூட்டிட்டு வர்றாகண்ணே. இருட்டுப் போர்டையா அண்ணாந்து பாப்பாக?"

"அப்ப அந்தப் பாதிக்கு மட்டும் ஒரு பேப்பர் ஒட்டுவோம்."

"எழுத்து ஓடுதுண்ணே. பேப்பரும் கூடவே ஓடணும்."

பக்கத்தில் நின்ற ஆத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, ஊர்ல இருக்கவன் பேரெல்லாம் எழுதுவ, ஒம் பேரு எழுத வரலயா?" என்றாள்.

ரோஷம் வந்தது. பக்கம் பக்கமாக அழித்தது போதும், மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவோம் என்று முடிவு செய்தேன். 'எல்லாவற்றையும் அழி' என்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பெயர் மட்டுமில்லை, போர்டை ஓட்டுகிற புரோகிராம், நான் கட்டம் கட்டி வரைந்த எழுத்துகள், அந்த 'ஸ்ரீ', எல்லாம் போய்விடும். கம்ப்யூட்டரில் நகல் இருக்கிறது, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் எழுதவே முடியாதபோது எதை நம்பி அழிக்கிறோம் என்று ஒரு வினாடி யோசித்திருக்க வேண்டும். அழுத்திவிட்டேன். எழுதுவதற்குத்தான் நிறையப் பேச வேண்டும், அழிப்பதற்கு நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தை மட்டும் பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

போர்டு பொட்டென்று அணைந்தது. எழுத்தும் இல்லை, விளக்கும் இல்லை. போட்டோக்காரர் எங்கிருந்தோ வந்து அந்த நேரம் பார்த்து ஃப்ளாஷ் அடித்தார். ஆல்பத்தில் இருப்பது அந்தப் படம்தான்.

புதிதாக ஏற்றினேன். ஏறவில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று படித்துப் பார்த்தேன். ஏதேதோ எண்கள் வந்தன. இன்னொரு தடவை படித்தேன். வேறு எண்கள். மூன்றாவது தடவை இன்னும் வேறு. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மெமரி கெட்டிருந்தால் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே தப்பைத்தான் சொல்லும். தடவைக்கு ஒன்று சொல்கிறது என்றால் அது சொல்வது சரி, எனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை. மேகமலை ரோட்டில் ஏறும்போது செல்போனில் பேசுகிறவர் புத்தி பேதலித்தவர் மாதிரி பேசுவாரே, அப்படி. அவர் நன்றாகத்தான் இருப்பார், டவர்தான் இருக்காது. இந்த மூன்று தடவையை அழிப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

"அண்ணே, மீட்டர எடுத்துட்டு ஏணில ஏறுங்க" என்றேன்.

மேனேஜர் மீட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். இதற்குள் சமையல்காரர்கள், மேளக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"மூடியக் கழட்டியாச்சா?"

"ஆச்சு மாப்ள."

"உள்ள கறுப்பா நீளமா ஒண்ணு இருக்கா? அதுல ஒம்பதாவது காலப் பிடிங்க."

"யாரு கால?"

"காலப் பிடிங்கண்ணே, சொல்றேன்!"

"ஏலே" என்று ஆத்தா குறுக்கே வந்தாள். "காப்புக் கட்டிட்டு யாரு காலையும் நீ பிடிக்க வேண்டாம். பேரு ஓடலன்னா ஓடாமப் போகட்டும்."

மேளக்காரர்கள் சிரித்தார்கள். சிப்புக்குக் கால் என்று பெயர் வைத்தவனை மனதுக்குள் திட்டிவிட்டு, ஆத்தாளுக்கு விளக்கி, மேனேஜரை மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு என்று எண்ணவைத்து, ஒன்பதாவது காலில் மீட்டர் ஊசியை வைக்கச் சொன்னேன். நான் கீழே பொத்தானை அழுத்தும்போது அந்தக் காலில் ஐந்து வோல்ட் வர வேண்டும். அப்போதுதான் சிப் தன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நம் பேச்சைக் கேட்கும். வரவில்லை என்றால் பூஜ்யம் காட்டும்.

"என்ன காட்டுது?"

"ரெண்டரை."

ரெண்டரை என்பது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. பெண் பார்க்க வந்துவிட்டு, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சேதி சொல்லிவிடுறோம்" என்று போவார்களே, அந்த வோல்ட்டேஜ். நான் அனுப்புகிற ஐந்தில் பாதியை வழியில் யாரோ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வயரு சொருகியிருக்க குழியப் பாருங்க. தண்ணி கிண்ணி எறங்கியிருக்கா?"

மேனேஜர் வயரை உருவிவிட்டு எட்டிப் பார்த்தார். "தண்ணியெல்லாம் இல்ல மாப்ள. சந்தனம்தான் இருக்கு."

"என்ன சந்தனம்?"

"நான் வச்சதுதான்" என்றார் பெருமையாக. "ஆயுத பூசைக்கு. ஜெனரேட்டருக்கு ஒண்ணு, மைக்செட்டுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. மத்ததுக்கெல்லாம் எங்கன வைக்கிறதுன்னு யோசிக்கணும். இதுலதான் நீங்களே நெத்தி மாதிரி அம்சமா ஒரு குழி விட்டிருந்தீக. நல்லா அமுக்கி வச்சேன்."

காய்ந்து கிடந்தவரை அந்தச் சந்தனம் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்திருக்கிறது. உங்கள் அம்மா பெயர் ஏறியது அந்தக் காய்ந்த நேரத்தில். தூறல் விழுந்து ஈரம் பட்டதும் ஆறு பின்னையும் ஒன்றோடு ஒன்று உறவாக்கிவிட்டது. கல்யாண வீட்டில் சந்தனத்தின் வேலையே அதுதானே.

"அதச் சுத்தமா எடுக்கணும்ணே."

"வச்ச சந்தனத்த எடுக்கவா? நாளும் கிழமையுமா?" மேனேஜர் ஏணியிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். "நான் மாட்டேன் மாப்ள."

கடைசியில் தீர்ப்புச் சொன்னது ஆத்தாதான். "சாமி சந்தனம் காஞ்சா கழுவித்தானப்பா புதுசு வைப்போம். கழுவுங்க. அப்பறமா வேற எங்கிட்டாவது வச்சுக்கங்க." மாப்பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பல் பிரஷ் வந்தது. என் வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வந்தது. மேனேஜர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஆறு பின்னையும் தேய்த்தார். பழைய விசிறியால் விசிறிக் காயவைத்தார். குழிக்கு மேலே ஒரு வாழை இலைத் துண்டைக் குடையாகக் கட்டினார். வயரைத் திரும்பச் சொருகி மீட்டர் வைத்தார்.

"இப்ப?"

"அஞ்சு மாப்ள! முழுசா அஞ்சு!"

ஏற்ற ஆரம்பித்தேன். முழுப் புரோகிராமும் ஏற வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், அந்த வயர், எண்கள் ஆடி அசைந்துதான் ஏறின. நூற்றுக்கு இருபது. முப்பது. நாற்பது வரும்போது தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. மேளக்காரர்கள் இடத்துக்கு ஓடினார்கள். அறுபதில் முதல் வேன் நின்றது. உங்கள் தாத்தா முன் சீட்டிலிருந்து இறங்கும்போதே கழுத்தை அண்ணாந்தபடிதான் இறங்கினார். பின்னாலேயே முப்பது பேர் இறங்கி அவரைப் போலவே அண்ணாந்தார்கள். மேலே ஒரு கறுப்புப் பெட்டி, அதன் மேல் ஒரு வாழை இலைத் துண்டு.

தாத்தா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எண்பத்தைந்து.

"மாப்ள?" என்றார்.

"வருது மாமா."

நூறு ஆனதும், சரிபார்த்தாயிற்று என்று ஒரு வரி வந்தது. மேனேஜர் வயரை உருவினார். போர்டு ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. 'நல்வரவு' வந்தது. உங்கள் அம்மா பெயர் வந்தது. அடுத்து மணமகன் என்று என் பெயர் வந்தது. நானே எழுதியதுதான், எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன், இருந்தாலும் எழுத்து எதுவும் பிசகியிருக்கிறதா என்று கூட்டி வாசித்தேன். தாத்தா உதட்டை அசைத்து வாசித்தார். பிறகு திரும்பித் தன் ஊர்ச் சனத்தின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் வந்தது அதற்குத்தான்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து காப்பி டம்ளரோடு பெரியம்மா வெளியே வந்தார்கள். போர்டை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"ஏப்பா தம்பி" என்றார்கள் உங்கள் தாத்தாவைப் பார்த்து, மேளத்துக்கு மேலே கேட்கிற குரலில். "நான் வந்தப்ப வேற மாப்பிள்ளையில்ல ஓடுனாரு?"

மேளம் நின்றது. இந்த மேளக்காரர்கள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவே மாட்டார்கள், அன்றைக்கு நிறுத்தினார்கள்.

"என்னக்கா சொல்ற?"

"ஆமாப்பா. புள்ள பேரு இதேதான். மாப்பிள்ளை பேரு வேற. சாமி பேரு. நான்கூட நல்ல பேருன்னு சொன்னேன், இந்தத் தம்பியும் 'வாங்க பெரியம்மா'ன்னுச்சு."

தாத்தா என்னிடம் வந்தார். "என்ன மாப்ள இது? இதுல எழுதுனது மாறுமா?"

நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன். படித்ததையும் படித்தபடியே சொல்வேன். "மாறும் மாமா. அழிச்சு அழிச்சு எழுதலாம். ஆயிரம் தடவை வரைக்கும் தாங்கும்" என்றேன்.

"ஆயிரம் மாப்பிள்ளையா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

சிப்பின் தரத்தைப் பற்றித்தான் பெருமையாகச் சொன்னேன் என்பதை எப்படிச் சொல்வது? தாத்தாவின் முகம் சிவந்தது, போர்டு வெளிச்சத்தால் இல்லை. மேனேஜர் ஏணியிலிருந்து பாதி இறங்கி, "அய்யா, மாப்ள மேல தப்பில்ல, எஞ் சந்தனத்து மேலதான் தப்பு" என்றார். அதைக் கேட்டவர்களுக்கு இன்னும் குழம்பியது.

அப்போது வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் அம்மா, கல்யாணப் பெண் அவ்வளவு பேர் முன்னால் பேசக் கூடாது என்பதையும் மறந்து, "யப்பா, மழை வலுக்குது. எந்த மாப்பிள்ளையா இருந்தாலும் உள்ள போய்ப் பேசுவோம்" என்றாள்.

முதலில் சிரித்தது பெரியம்மாதான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. ஊரெல்லாம் கூட்டி வந்து காட்டிய மாப்பிள்ளை பெயர் அழியக்கூடியது என்று தெரிந்துபோனால் எந்தத் தகப்பனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

"இனிமே இத யாரும் மாத்தக் கூடாது. அதுக்கு வழி இருக்கா?" என்றார்.

"இருக்கு மாமா. லாக்குன்னு ஒண்ணு இருக்கு. பூட்டு மாதிரி. போட்டுட்டா உள்ள இருக்கத வெளியிலிருந்து தொடவே முடியாது."

"போடுங்க."

மேனேஜரைத் திரும்ப வயரைச் சொருகச் சொல்லிவிட்டு, முப்பது பேர் பார்க்க, காப்புக் கட்டிய கையால் ஒரு பொத்தானை அழுத்தினேன்.

"பூட்டிருச்சா?"

"பூட்டிருச்சு மாமா."

"சாவி யாருட்ட இருக்கு?"

"சாவியே கிடையாது மாமா."

அவர் தலையாட்டினார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்று தன் ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டார். மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கன வைக்கலாமில்ல?" என்று கேட்டுவிட்டு என் நெற்றியில் வைத்தார்.

சாவி கிடையாது என்றது பொய்யில்லை. அந்தப் பூட்டுக்கு உண்மையிலேயே சாவி கிடையாது. ஆனால் 'எல்லாவற்றையும் அழி' என்ற அந்தப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பதோடு பூட்டும் சேர்ந்தே அழிந்துபோகும். அதை மட்டும் சொல்லாமல் விட்டேன். நாலாம் நாள் வேறொரு முகூர்த்தம் வந்தது, அழித்தேன். இப்போது அந்தப் பெட்டியில் குழிக்கு மூடி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு தகரமும் ஒட்டியிருக்கிறேன், சந்தனம் வைக்கவென்றே.

கல்யாணமான புதிதில் தாத்தா ஒரு விசேஷத்துக்கு அந்த மண்டபத்துக்கு வந்தார். வேறு யார் பெயரோ ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம பேரு எங்க மாப்ள?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து, அழித்துவிட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. "அடியில இருக்கு மாமா. பூட்டியிருக்குல்ல. மேலாப்புலதான் இவுக பேரு ஓடுது" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் போர்டில் யார் பெயர் ஓடினாலும் அடியில் தன் மகள் பெயர் கிடக்கிறது என்று மயிலாடும்பாறை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

போன மாதம்கூட உங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு அந்த மண்டபத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோமே, அப்போது வாசலில் தாத்தா வெகுநேரம் அண்ணாந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? "இன்னும் அடியில இருக்குல்ல மாப்ள?" என்று கேட்டார். "இருக்கு மாமா" என்றேன். உங்கள் அம்மா பக்கத்தில் நின்று, "எந்த மாப்பிள்ளை பேருன்னு கேளுங்கப்பா" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். தாத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள்.